வெள்ளிக்கொம்பையில் பனிக்கு ஜிப் சிக்கிய நாள்

ஜிப் மூடவில்லை என்றால் அதன் பல் போய்விட்டது என்று உலகம் நம்புகிறது. பூமி தட்டையானது என்ற நம்பிக்கைக்குக்கூட இத்தனை நாடுகளில், இத்தனை படித்த குடும்பங்களில், இவ்வளவு நீண்ட ஆயுள் வாய்த்ததில்லை. உண்மை வேறு. பல் பெரும்பாலும் நிரபராதி. வரிசையில் நிறுத்திய இடத்தில் நிற்பதைத் தவிர அது எந்தக் காரியத்திலும் தலையிடுவதில்லை. குற்றம் அதன்மேல் ஏறி இறங்கும் ரன்னருடையது. இரண்டு பக்கத்துப் பற்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சேர்த்துவைக்க வேண்டிய அந்தச் சின்ன உலோக வாய், வருஷக்கணக்கான இழுப்பில் மயிரிழை அளவு அகன்றுவிடுகிறது. அகன்றபின் அது மேலே போகும், கீழே வரும், சுறுசுறுப்பாக உழைப்பதுபோலத் தோன்றும், ஆனால் போன வழியில் எதையும் சேர்த்திருக்காது. அதன் இரண்டு ஓரங்களையும் கட்டிங் பிளேயரால், முட்டையைப் பிடிக்கிற பக்குவத்தில், முதலில் இடது பக்கம் பிறகு வலது பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் போதும். இதை அறியாமல் தூக்கி எறியப்பட்ட ஜெர்கின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தொட்டபெட்டாவைவிட உயரமான சிகரம் ஒன்று கிடைக்கும். அதன் உச்சியிலும் குளிரத்தான் செய்யும்.

இது வெள்ளிக்கொம்பை பிலவேந்திரனின் கொள்கை. வெள்ளிக்கொம்பை நீலகிரியில், தேயிலைச் சரிவின் விளிம்பில், பேருந்து திரும்புவதற்குக் கொஞ்சம் இடமும் மனிதர்கள் திரும்புவதற்கு அதைவிடக் குறைவான இடமும் உள்ள ஊர். கல்யாணப் பட்டுக்கு மேலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மணவறையில் உட்காருகிற அந்த ஊரில் ஜிப் என்பது அலங்காரம் அல்ல, ஆரோக்கியம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு தையல் மிஷினும் ஒரு ஆளும் போக மிச்சமில்லாத கடையில் உட்கார்ந்து பிலவேந்திரன் ஜிப் பார்த்துக்கொடுத்தார். கனமாக ஓடும் ஜிப்புக்கு மெழுகுவர்த்தி தேய்த்தார், உலோகப் பல்லுக்குப் பென்சில் கரியைப் பூசினார், அடியில் பல் உதிர்ந்த ஜிப்புக்கு அந்த இடத்துக்குச் சற்று மேலே கெட்டி நூலில் முடிச்சுக் கட்டி ரன்னர் அதற்குக் கீழே இறங்காதபடி செய்தார், இழுக்கும் நாக்கு உடைந்த ஜிப்புக்குச் சாவி வளையம் மாட்டினார், இவ்வளவையும் செய்யும்போது ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்கிறவரிடம் மேற்படிக் கொள்கையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அதனாலேயே ஊரில் பலர் வேண்டுமென்றே, "பல்லு போயிடுச்சுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அவர் பார்த்துக்கொடுக்காத ஜிப் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய மனைவி மரியபுஷ்பத்தின் பழுப்பு ஸ்வெட்டரில் இருந்தது. கீழ்த்தெருவில் இலைக்கொட்டகையில் தேயிலை எடை போடும் வேலைக்கு அவள் அதை இரண்டு சேஃப்டி பின் குத்திப் போட்டுக்கொண்டு போனாள்.

"ஏங்க, இந்த ஸ்வெட்டரு," என்றாள் அன்று காலை, தோசைக் கல்லில் இருந்து திரும்பாமலே.

"பல்லு போகல புஷ்பம்."

"பல்லு போச்சுன்னு நான் சொன்னேனா?"

"ரன்னரு அகண்டிருக்கு. என்ன ஆகுதுன்னா, ரெண்டு பக்கமும்…"

"என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும். போன மழைலேர்ந்து நெஞ்சு குளிருது. அதுதான் ஆகுது."

"இன்னைக்கு மூணு ஜெர்கின் குடுக்கணும். நாளைக்குப் பார்த்துடலாம்."

"நாளைக்கு எனக்குக் குளிராது, பரவால்ல," என்று அவள் பின்களைக் குத்திக்கொண்டு, கதவைச் சத்தம் போடாமல் சாத்திவிட்டுப் போனாள். கதவைச் சத்தம் போடாமல் சாத்துவது அவளுடைய கோபங்களில் பெரிய ரகம் என்பது பிலவேந்திரனுக்குத் தெரியும். தெரிந்தும், தட்டில் இருந்த தோசையைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கடை திறக்கப் போனார்.

அந்த ஊரின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பனிக்குள் வருகிற வண்டி ஹாரன் அடிக்கும். நடந்து வருகிற மனிதர் என்ன செய்வார்? மற்ற மலையூர்களில் இருமுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள். வெள்ளிக்கொம்பையில் அன்று காலை என்ன சாப்பிட்டோம் என்பதை உரக்கச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள். பெயரைச் சொன்னால் ஒரே பெயரில் பலர் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக் காலைச் சாப்பாடு இன்னொரு வீட்டில் அப்படியே இருப்பதில்லை என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். "ராகிக் களி, அவரைக் குழம்பு" என்று கேட்டால் பால் சொசைட்டி பெள்ளன் வருகிறார் என்று அர்த்தம். அவர் கையில் கேன் இருக்கும், இடது பக்கம் ஒதுங்க வேண்டும். விதி இரண்டுதான். சாப்பிட்டதைத்தான் சொல்ல வேண்டும், சாப்பிடாததைச் சொன்னவனுக்குப் பனியில் திசை தப்பும். முகம் தெரியாத தூரத்தில் சாப்பிட்டதைத் தவிர வேறு ஒன்றும் பேசக்கூடாது, பேசினால் அது பனியின் குரலா ஆளின் குரலா என்று எதிரே வருகிறவருக்குக் குழப்பம் வரும். ஆகையால் பனிக் காலைகளில் அந்த ஊரின் தெருக்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய ஓட்டலில் கண்ணுக்குத் தெரியாத பரிமாறுகிறவர்கள் என்னென்ன இருக்கிறது என்று ஓயாமல் ஒப்பிப்பதுபோல ஒலிக்கும்.

அன்றும் பனி பள்ளத்தாக்கிலிருந்து வழக்கம்போல ஏறி வந்து, கீழ்த்தெருவை மூடி, மாதா கோயிலை மூடி, பால் சொசைட்டியையும் இலைக்கொட்டகையையும் மூடி, பேருந்து நிலையத்துக் கல்வெர்ட்டுப் பாலம் வரை வந்து நின்றது. அதன் முன்பக்கத்தில் ஜிப் இருந்தது. சாம்பல் நிறத்தில் முரட்டு நாடா, அதில் ஆள் முழங்கை நீளத்துக்கு அலுமினிய நிறப் பற்கள், ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு சொட்டு நீர். கூடாரத்து வாசலில் இருப்பதுபோல மேலிருந்து கீழே மூடுகிற ஜிப் அது. மேலே எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, யூகலிப்டஸ் மரங்களின் உச்சிக்கு மேலும் அது போய்க்கொண்டிருந்தது. கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், செருப்பளவு ரன்னர் நின்றிருந்தது. அந்த ஒரு சாண் இடைவெளி மட்டும் மூடாமல் இருந்தது.

முதல் பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் துரைக்கண்ணு இறங்கி, ஜிப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, படியில் கால் வைத்தபடி வண்டிக்குள் குரல் கொடுத்தார்.

"ஜிப்பு போட்டிருக்குங்க. வண்டி இதுக்கு மேல போவாது. கீழ்த்தெரு ஆளுங்க எல்லாம் இங்கயே இறங்கிக்கங்க."

"சில்லறை பாக்கி குடுப்பீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. துரைக்கண்ணு அதற்குக் காது கேட்காதவராக ஆனார். இறங்கியவர்கள் ஜிப்புக்கு முன்னால் கூட்டமாக நின்று, இது நைலானா மெட்டலா என்று விவாதித்தார்கள். டீக்கடை ஹனீபா பாய் நிலைமையைப் புரிந்துகொண்டு தன் பாய்லரையும் பெஞ்சையும் கல்வெர்ட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஊராட்சித் தலைவர் நஞ்சம்மாள் வந்தார். கனத்த உடம்பு, ஆனாலும் ஒரு கோணிச் சாக்கை விரித்து அதில் குப்புறப் படுத்து, இடைவெளியில் முகத்தை வைத்து, உள்ளே இருந்தவர்களிடம் நலம் விசாரித்தார். இடைவெளிக்கு அந்தப் பக்கம் பெள்ளன் படுத்திருந்தார்.

"உள்ள எப்படிடா இருக்கு பெள்ளா?"

"கையை நீட்டினா கை தெரியல தலைவரம்மா. ஆனா கதகதன்னு இருக்கு. கம்பளிக்குள்ள புகுந்த மாதிரி. நான் குல்லாவைக் கழட்டிட்டேன்."

"நீ குல்லாவைக் கழட்டிட்டியா?" என்றார் நஞ்சம்மாள். பெள்ளனின் தலையை அவர் கல்யாணத்தன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

செய்தி பரவியது. பனிக்கு உள்ளே இருந்தவர்களின் முழங்கால் வலி நின்றிருந்தது, வெடித்த உதடு மூடியிருந்தது, ஆஸ்துமாக்காரர்கள் மூக்கால் மூச்சு விட்டார்கள், மாடுகள் கேட்காமலே பால் சுரந்தன, அந்தப் பாலைப் பாட்டிலில் அடைத்து இடைவெளி வழியாக உருட்டிவிட, ஹனீபா பாய் அதில் டீ போட்டு டம்ளர் டம்ளராக உள்ளே திருப்பி அனுப்பினார். மாதா கோயிலில் பூசை நடந்தது. வெளியே சிக்கிக்கொண்டவர்கள் ஜிப்பின் முன்னால் முழங்காலிட்டு, உள்ளிருந்து வந்த ஜெபத்துக்குப் பதில் சொன்னார்கள். யாரோ ரன்னரின் நாக்கில் ஒரு முழம் சாமந்தி கட்டினார்கள், யாரோ நனைந்த குடையைப் பல்லில் மாட்டிக் காயவைத்தார்கள், மதிய வண்டியில் துரைக்கண்ணு, "ஜிப்பு ஸ்டாப்பெல்லாம் இறங்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார், அந்த நிறுத்தத்துக்கு டிக்கெட் கிழிக்கவும் ஆரம்பித்திருந்தார். வெளியே குளிரில் நின்றவர்கள் உள்ளே போக வழி இல்லையே என்று ஏங்கினார்கள். ஒரு பெண் தன் இருமல் மாமனாரை அழைத்துவந்து, அவர் தலையை மட்டுமாவது கொஞ்ச நேரம் உள்ளே வைக்க அனுமதி கேட்டாள். வரிசையில் வரச் சொன்னார்கள்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒவ்வொருவராக ஜிப் பக்கம் நடந்து வரும்படி நஞ்சம்மாள் சொன்னார். அவர்கள் பழக்கப்படி சாப்பிட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள், வெளியே இருந்தவர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்கள். "இட்லி, நேத்து சாம்பார்" என்றது ஒரு குரல். "எங்க மச்சான், எங்க மச்சான்" என்று இங்கே ஒருவன் குதித்தான். "சப்பாத்தி, உருளைக்கிழங்கு" வந்தது, "கஞ்சி, சுட்ட கருவாடு" வந்தது, "பன்னு, டீ" என்று கல்யாணம் ஆகாத ஒரு குரல் வந்தது, "ராகிக் களி" என்று பெள்ளன் மறுபடியும் ஒருமுறை சொன்னார். எல்லாச் சாப்பாடும் வந்து முடிந்தது.

தோசை வரவில்லை.

பிலவேந்திரன் கடை வாசலிலிருந்து கல்வெர்ட்டுக்கு வந்து, சாக்கில் படுத்து, இடைவெளியில் வாயை வைத்து, "புஷ்பம்!" என்று கூப்பிட்டார். பனி அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. இடைவெளிக்கு அந்தப் பக்கம் வந்திருந்த, இலைக்கொட்டகையில் அவளோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டார். காலையில் கொட்டகைக்கு அவள் வரவே இல்லை என்றார்கள். கீழ்த்தெருவில் ஒரு பக்கம் சரிவு, அதன் அடியில் ஓடை. பிலவேந்திரன் எழுந்து கடைக்குப் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார்.

"அவசரம் என்ன பிலவேந்திரா?" என்றார் நஞ்சம்மாள். "தானா திறக்கட்டுமே. உள்ள எல்லாரும் சொகமாத்தான இருக்காங்க."

"என் வீட்டுக்காரி குரல் வரலீங்க தலைவரம்மா."

நஞ்சம்மாள் ஒதுங்கி வழிவிட்டார். இருமல் மாமனாரும் தலையை வெளியே எடுத்துக்கொண்டார்.

பிலவேந்திரன் ரன்னரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க எந்த ஜிப்பைக் கண்டாலும் தோன்றியதே அவருக்கு இப்போதும் தோன்றியது. "பல்லு நல்லாத்தான் இருக்கு," என்று கூட்டத்துக்குச் சொன்னார், குரல் நடுங்கியபோதும் கொள்கை நடுங்கவில்லை. "ரன்னருதான்." இடது பக்கம் அழுத்தினார், வலது பக்கம் அழுத்தினார். முட்டையைப் பிடிக்கிற பக்குவம் அன்று அவர் கையில் இல்லை. தேங்காயைப் பிடிக்கிற வேகத்தில் அழுத்தினார். அதுவரை காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டாவது இருந்த ரன்னர் அதன்பின் மலைப்பாறைபோல நின்றுவிட்டது. மெழுகுவர்த்தி தேய்த்தார். பார் சோப்பு தேய்த்தார். தச்சர் பென்சில் ஒன்றைத் தேய்த்தே தீர்த்தார். ஹனீபா பாய் ரன்னருக்கு வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். துரைக்கண்ணு பேருந்தில் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். ஓட்டுநர் அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை முடிந்தது.

பெரிய பிளேயர் ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுக்கப் போன பிலவேந்திரன் அடுப்படி அலமாரியில், ஒரு தட்டின்மேல் கவிழ்த்திருந்த இன்னொரு தட்டைப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமலேதான் அதைத் திறந்தார். உள்ளே இரண்டு தோசை, ஓரத்தில் ஆடை கட்டிய சட்னி. காலையில் அவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தன் பங்கைச் சாப்பிட்டிருக்கிறார், ரன்னரைப் பற்றிப் பேசியிருக்கிறார், அவள் ஊற்றியதைப் பார்த்தார், தட்டில் வைத்ததைப் பார்த்தார், அவள் சாப்பிட்டாளா என்பதை மட்டும் பார்க்கவில்லை. அவளோ ஒன்றும் சாப்பிடாமல், கதவைச் சத்தம் போடாமல் சாத்திவிட்டு, பனிக்குள் நடந்து, பனி தடித்ததும் வாயைத் திறந்திருப்பாள், சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று கண்டிருப்பாள், சாப்பிடாததைச் சொல்ல மாட்டாள், வேறு ஒன்றையும் பேச மாட்டாள், எடை போடும்போது ஒரு இலையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள், ஆகையால் திசை தெரியாத இடத்தில் நகராமல், பேசாமல், இத்தனை நேரமும் நின்றுகொண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். வெறும் வயிற்றோடு இருக்கிறாள். பிலவேந்திரன் பெரிய பிளேயரை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, மாவுச் சட்டியையும் தோசைக் கல்லையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"என்னண்ணே, ரன்னருக்கு மாவு பூசப் போறீங்களா?" என்றார் ஹனீபா பாய்.

"அவ சாப்பிடல பாய். காலைலேர்ந்து சாப்பிடல. சுட்டு வச்ச தோசை அப்படியே தட்டுல இருக்கு. அதான் பேசல."

ஹனீபா பாய் பாய்லரை விட்டு எழுந்தார். பம்ப் ஸ்டவ்வை இடைவெளியின் ஓரமாக வைத்துப் பற்றவைத்தார். "சுட்டு வச்சிருந்தத எடுத்துட்டு வராம விட்டீங்களே, புத்திசாலி. ஆறின தோசைக்கு எந்தப் பொம்பள வழி கண்டுபிடிச்சு வருவா? கல்லு காயட்டும், அப்பறம் ஊத்துங்க. எண்ணெயில கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

பிலவேந்திரன் முழங்காலிட்டு ஊற்றினார். முதல் தோசை கிழிந்தது. இரண்டாவது பொன்னிறமாக வந்தது. நஞ்சம்மாள் தன் சால்வையை எடுத்து, ஊராட்சித் தலைவர் என்பதையும் மறந்து, புகையையும் வாசனையையும் ஒரு சாண் இடைவெளிக்குள் விசிறினார். ஹனீபா பாயின் வீட்டிலிருந்து தேங்காய்ச் சட்னி வந்தது. பேருந்து என்ஜினை நிறுத்தியது, தோசையின் ஓரம் முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இடைவெளியில் ஒரு கை வந்தது. தேயிலைக் கறை ஏறிய விரல்கள், தராசுக் கொக்கி கிழித்த பழைய தழும்பு. பிலவேந்திரன் அந்தக் கையில் தட்டை வைத்தார். கை உள்ளே போனது. பனிக்கு அந்தப் பக்கம் யாரோ மென்றார்கள், விழுங்கினார்கள். தட்டு திரும்பி வந்தது. அவர் இன்னொன்று வைத்தார். அதுவும் போய், வெறும் தட்டாகத் திரும்பி வந்தது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு குரல் உரக்கச் சொன்னது:

"ரெண்டு தோசை. தேங்காய்ச் சட்னி. உப்பு கம்மி."

கூட்டம் போட்ட சத்தத்தில் யூகலிப்டஸ் மரத்துக் காகங்கள் எழும்பின. ஹனீபா பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பு சரியாத்தான் இருந்துச்சு," என்றார்.

பிலவேந்திரன் சாக்கில் கன்னத்தை வைத்துப் படுத்தார். அந்தப் பக்கத்தில் அவளும் படுத்தாள். ஒரு சாண் உயரத்தில், பக்கவாட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்க நின்ன?"

"கொட்டகைக்குத் திரும்புற மொடக்குல. காலு மரத்துப் போச்சு."

"கூப்பிட்டேனே, ஏன்னு கேக்கக் கூடாதா?"

"பனியில எப்படி கேக்கறது? நீங்கதான் விதிய மறந்துட்டுக் கத்துனீங்க."

"சரி, எந்திரிச்சு ஓரமா நில்லு. இந்த ரன்னர…"

"ரன்னருக்கு என்ன?"

"அகண்டிருக்கும்னு பாத்தேன். அமுக்கினேன். நகர மாட்டேங்குது."

மரியபுஷ்பம் தலையைத் திருப்பி, உள்பக்கமிருந்து ஜிப்பை அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, உள்பக்கம் பாத்தீங்களா?"

"நான் எப்படி உள்பக்கம் பாக்கறது?"

"அப்ப யாரையாவது கேட்டிருக்கலாம்ல? இங்க லைனிங் துணி ஒரு கொத்தா ரன்னருக்குள்ள போய் மாட்டியிருக்கு. வெள்ளையா, பஞ்சு மாதிரி. பனி வேகமா மூடும்போது உள்ள இழுத்துக்கிச்சு போல. அகண்ட ரன்னரு இல்ல இது, தொண்டையில சிக்கின ரன்னரு. அத நீங்க வெளியேர்ந்து நெரிச்சும் வச்சிருக்கீங்க."

துணி சிக்கிய ஜிப்புக்கு வைத்தியம் வேறு என்பது பிலவேந்திரனுக்குத் தெரியும். கடைக்கு வந்திருந்தால் யாருக்கும் அதைச் சொல்லியிருப்பார். அழுத்தக் கூடாது, அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, சிக்கிய துணியை ரன்னரை விட்டு விலகும் பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரன்னரை வந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நகர்த்த வேண்டும். ஆனால் துணி சிக்கியிருப்பது தெரிய வேண்டுமென்றால் முதலில் பார்த்திருக்க வேண்டும். அவர் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஒரு கொள்கையைச் சொல்லியிருந்தார்.

"தப்புதான்," என்றார். கூட்டத்தில் பலர் குனிந்து, சரியாகத்தான் கேட்டதா என்று பார்த்தார்கள்.

"திருப்புளி இருக்கா?"

"இருக்கு."

"நெரிச்ச எடத்துல விட்டு லேசா நெம்புங்க. லேசா. நான் இங்க துணியப் பிடிச்சுக்கறேன்."

அவர் திருப்புளியை ரன்னரின் ஓரத்தில் விட்டு, தான் நெரித்ததைத் தானே விரித்தார், இந்த முறை முட்டையைப் பிடிக்கிற பக்குவத்தில். அவள் பனியின் லைனிங்கை இரண்டு கையாலும் சேர்த்துத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்தாள். "இப்ப," என்றாள். அவர் ரன்னரை மேல்நோக்கி ஒரு பல் தள்ளினார். "நில்லுங்க, மறுபடி உள்ள போவுது," என்று தன் ஸ்வெட்டரிலிருந்து ஒரு சேஃப்டி பின்னைக் கழற்றி, வெளியே வந்தவரைக்கும் துணியை மடித்துக் குத்தினாள். "இப்ப." இன்னொரு பல். "இப்ப." இன்னொன்று. "மெதுவா, நம்ம வீட்டு ஜெர்கின் இல்ல இது." அவர் மெதுவாகவே செய்தார். வெளியே அவர் முதலில் படுத்தபடி தள்ளினார், பிறகு முழங்காலிட்டு, பிறகு குந்தி, பிறகு நின்று. உள்ளே அவளும் அப்படியே அவரோடு உயர்ந்து வந்தாள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ரன்னர் அவர்கள் இருவருக்கும் நடுவில் மார்பு உயரத்துக்கு வந்தபோது துணி கிழிகிற சத்தம் ஒன்று கேட்டது, அவள் கையில் ஒரு துண்டு தங்கிவிட்டது, ரன்னர் விடுபட்டது.

அதன்பின் அதை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. அது தானாக மேலே ஓடியது, பற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்த சத்தம் மரங்களுக்கு மேலே, மேகத்துக்கு மேலே போய்த் தேய்ந்தது, இரண்டு பக்கமும் பனி தோளிலிருந்து நழுவுகிற ஜெர்கின்போலச் சரிந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. காய்ந்துகொண்டிருந்த குடையும் அதோடு போயிற்று. கீழ்த்தெரு வெயிலில் நின்றது, அதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனிதர்கள் நின்றார்கள், பெள்ளன் அவசரமாகக் குல்லாவைத் தேடினார். வலியில்லாமல் ஒரு நாள் நடந்த முழங்கால்களையும் நன்றாக மூச்சுவிட்ட நெஞ்சுகளையும் நினைத்து, ஊர் முழுவதும் கல்வெர்ட்டின் விளிம்புக்கு வந்து நின்று, விருந்தாளியை வழியனுப்புகிற மரியாதையில் பனியைப் பார்த்து, "போயிட்டு வாங்க," என்றது. நஞ்சம்மாள் கைகூப்பினார். மாதா கோயிலில் மணி அடித்தார்கள். துரைக்கண்ணு, அன்று ஜிப் ஸ்டாப்புக்குக் கிழித்த டிக்கெட் எல்லாம் கணக்கில் வராது என்று ஓட்டுநரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மரியபுஷ்பம் வெளியே வந்து புருஷன் முன்னால் நின்றாள். நன்றி என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்கியதில்லை. கல்யாணப் பத்திரிகையின் கடைசி வரியில் அச்சடித்ததோடு சரி. பிலவேந்திரன் அதைச் சொல்லலாமா என்று யோசித்தார், வாய் வரைக்கும் வந்தது, பிறகு ஸ்டவ் இன்னும் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"இன்னொண்ணு ஊத்தட்டுமா?"

"ஊத்துங்க," என்றாள். "நீங்களும் சாப்பிடுங்க. மூஞ்சியப் பாரு, பனியில நின்னது நானா நீங்களான்னு தெரியல."

ஹனீபா பாயின் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாவு தீரும்வரை கூட்டத்துக்கும் ஊற்றினார்கள். அன்று மாலை பிலவேந்திரன் வாக்குக் கொடுத்திருந்த ஜெர்கின்கள் எதையும் தொடவில்லை. பழுப்பு ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் வெளிப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், ரன்னர்தான் என்று தெரிந்தது, கொள்கையைச் சொல்லாமலே அழுத்திக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு கழுத்துவரை ஜிப்பை இழுத்தாள். அடுக்களைக் கதவை நன்றாகச் சத்தம் வரும்படி சாத்தினாள்.

அவள் கையில் தங்கிய லைனிங் துண்டு துவாலை அகலம் இருந்தது. துவைத்துக் கொடியில் போட்டார்கள். காயவில்லை, ஆனால் அதில் கை வைத்தவர்களுக்குக் கை சூடேறியது. முதலில் ஹனீபா பாய் பாய்லரைச் சுற்றி வைக்கக் கேட்டு வாங்கிப் போனார், அவரிடமிருந்து நஞ்சம்மாள் வீட்டுக்குப் போனது, அங்கிருந்து இருமல் மாமனாருக்கு, பிறகு புதிதாகக் கன்று போட்ட மாடு ஒன்றுக்கு. இந்த வாரம் அது துரைக்கண்ணு வீட்டில் இருக்கிறது, அவருடைய மாமியாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது.